அக்காவுக்கு வாங்கிய கேமரா: எதை விட்டோம், எதை விடவில்லை

"தம்பி, பெரிய கேமராவெல்லாம் எனக்கு வேண்டாம்டா. பிள்ளைங்க முகம் தெரியணும். அவ்வளவுதான்."

அக்கா பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று நாடகம் மேடையேறும். ஒவ்வொன்றிலும் இருபது முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். இதுவரை படமெல்லாம் போனில்தான். பகலில் எடுத்த ஒத்திகைப் படங்களில் குறையே சொல்ல முடியாது. மேடை விளக்கு எரிந்ததும்தான் நிலைமை மாறும். ஆறாவது வரிசையிலிருந்து ஜூம் செய்தால் முகம் மெழுகு பூசியது போல வரும். ஒரு பிள்ளை கையை வீசினால் கை இருந்த இடத்தில் புகை மட்டும் இருக்கும். இருட்டில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாமல் நிற்கும் பொருளுக்கு அது நன்றாகக் கைகொடுக்கும், ஓடியாடும் பிள்ளைக்கு ஆகாது.

கையில் இருந்த தொகைக்குத் தொடக்கநிலை மிரர்லெஸ் பாடி (லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய கேமராவின் உடல்) ஒன்றும் அதோடு வரும் கிட் லென்ஸும் புதிதாக வாங்கலாம். அதற்கு மேல் இழுக்க வழியில்லை. இது 2024இன் தொடக்கத்தில் நடந்தது. வாடகைக்கு எடுப்பதையும் யோசித்தோம். வருஷத்துக்கு மூன்று நாள்தான் மேடை என்றால் கணக்குப்படி அதுவே சரி. ஆனால் கேமரா பழக்கமில்லாத ஒருவர், நிகழ்ச்சி நாளில் முதல்முறையாக அதைக் கையில் வாங்கினால் படம் வராது. அக்கா ஒத்திகை தோறும் எடுத்துப் பழக வேண்டும். அதனால் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவானது.

மேடை என்ன கேட்டது

எந்த மாடலையும் பார்ப்பதற்கு முன் என் பழைய கேமராவோடு ஓர் இறுதி ஒத்திகைக்குப் போனேன். விளக்கு, உடை, ஒப்பனை எல்லாம் நிகழ்ச்சி நாளைப் போலவே இருக்கும் ஒத்திகை அது. அக்கா வழக்கமாக உட்காரும் இருக்கையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நடந்துகொண்டே பேசும் ஒரு பிள்ளையை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டியிருந்தது, அவ்வளவு நேரம்தான் ஒளி உள்ளே வரும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/2இல் வைத்தபோது (எண் சிறிதானால் திறப்பு பெரிது) சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600 போதுமாக இருந்தது.

எங்கள் முடிவுக்கு அடித்தளம் இந்த மூன்று எண்கள்தான். கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் ஜூமின் நீண்ட முனையில் எஃப்/5.6, சிலவற்றில் எஃப்/6.3 வரைதான் திறக்கும். எஃப்/2இலிருந்து எஃப்/5.6க்குப் போனால் லென்ஸ் வழியே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே மேடை, அதே 1/250க்கு ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்ற வேண்டும். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் மணல் போன்ற புள்ளிகள் கூடும். ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சாரில் 12800 என்பது கண் இமை, உதட்டோர மடிப்பு போன்ற நுணுக்கங்கள் புள்ளிகளுக்குள் கரையத் தொடங்கும் இடம். பிள்ளைங்க முகம் தெரியணும் என்று அக்கா கேட்டது சரியாக அந்த இடத்தில்தான் அடிபடுகிறது. எஃப்/1.4 லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 800 போதும். 800க்கும் 12800க்கும் நடுவில் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு), அதாவது பதினாறு மடங்கு. ஒரே விலை வரம்புக்குள் கிடைக்கும் எந்த இரண்டு பாடிகளுக்கு நடுவிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்காது.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் லென்ஸ், அதற்குப் பிறகு மிஞ்சுவதில் பாடி.

பிறகு தூரம். "அக்கா, நீங்க உட்கார்ற இடத்துக்கும் மேடைக்கும் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டால் "கொஞ்சம் தூரம்தான்" என்கிறார். டேப் பிடித்து அளந்தோம். 10 மீட்டர். ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் கொண்டது. 56 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் சட்டத்துக்குள் 4.2 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் உயரமும் அடங்கும். மூன்று பேர் நின்று பேசும் காட்சி தலைமுதல் கால்வரை வந்துவிடும். முகம் பெரிதாக வேண்டுமென்றால் 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டி எடுத்தாலும் அச்சுக்குத் தாங்கும். அளவு சரியாக இருக்கிறது என்று அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டேன். நான் அளக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டியலுக்கு வந்தவை

முதலில் பார்த்தது கேனன் ஆர்50. 2023இல் வந்தது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 375 கிராம்தான். ஃபோகஸ் புத்திசாலித்தனமானது, மெனு புதியவர்களுக்கு எளிது. பாடியை மட்டும் பார்த்தால் அக்காவுக்கு இதைத்தான் கொடுத்திருப்பேன். சிக்கல் லென்ஸில் இருந்தது. எங்களுக்குத் தேவையான எஃப்/1.4 லென்ஸ், ஆட்டோஃபோகஸோடு, கேனனின் ஆர்எஃப் மவுண்டுக்கு (லென்ஸ் பொருந்தும் வாய்) எங்கள் தொகைக்குள் அப்போது இல்லை. ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 இருந்தது, அது மோசமான தேர்வும் அல்ல. ஆனால் புது பாடிக்கே தொகையின் பெரும்பகுதி போய்விடும் என்பதால் அதையும் சேர்த்தால் இடித்தது.

சோனி இசட்வி-ஈ10 விலை குறைவு. 2021 மாடல், சென்சார் நல்லது, லென்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர்தான் கிடையாது. வெளியில் வீடியோ எடுப்பவருக்கு இது பெரிய இழப்பில்லை. இருட்டான அரங்கில் நடு வரிசையில் உட்கார்ந்து திரையை ஏந்திப் பிடித்தால் பின்னால் இருப்பவர்கள் கண்ணில் அந்த வெளிச்சம்தான் அடிக்கும். தன் பிள்ளையின் நாடகத்தைப் பார்க்க வந்த ஒருவருக்கு அந்தத் தொல்லையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கேமராவை முகத்தோடு அணைத்துப் பிடிக்கும்போது கை ஆடாமல் இருப்பதும் கூடுதல் நன்மை. ஆகவே வியூஃபைண்டர் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றானது.

பழைய ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2 ஆசை காட்டியது. பாடிக்குள்ளேயே ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி), சின்ன உடம்பு, அதற்கு 116 கிராமில் ஒரு 45 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். எல்லாம் சேர்த்தே எங்கள் தொகையில் பாதியைத் தொடாது. ஆனால் அதன் ஃபோகஸ் முழுக்க கான்ட்ராஸ்ட் முறை, முன்னும் பின்னும் நகர்ந்து தேடித்தான் கூர்மையைக் கண்டுபிடிக்கும். மேடையில் நம்மை நோக்கி ஓடி வரும் பிள்ளையைத் தொடர்ந்து பிடிக்க அந்த முறை பொருந்தாது.

பழைய சோனி ஏ7 மார்க் 2இன் மேலும் கண் விழுந்தது. ஃபுல் ஃப்ரேம் என்ற வார்த்தைக்கு இருக்கும் ஈர்ப்பு அப்படி. சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், இருட்டில் அதன் பலன் நிச்சயம் தெரியும். 2014இல் வந்த பாடி என்பதால் தொடர் ஃபோகஸில் கண்ணைத் தேடிப் பின்தொடரும் வசதி அதில் இல்லை. புள்ளிகள் குறைவாக, ஆனால் ஃபோகஸ் மூக்கிலோ காதிலோ உட்கார்ந்த படத்தை விட, புள்ளிகள் கொஞ்சம் தெரிந்தாலும் கண் கூர்மையாக இருக்கும் படம்தான் அக்காவுக்கு வேண்டும். பாடியே 600 கிராம் இருந்ததும் ஒரு காரணம்.

கடைசியில் நின்றது சோனி ஏ6400. 2019 மாடல், 24.2 மெகாபிக்சல், வியூஃபைண்டர், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 11 படம், கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடரும் ஃபோகஸ். பழையதாக ஒரு பாடி. அதற்கு சிக்மா 56 மி.மீ. எஃப்/1.4. தொகையில் பாதி பாடிக்கும், பாதிக்குச் சற்றுக் குறைவாக லென்ஸுக்கும், மீதி இன்னொரு பேட்டரிக்கும் கார்டுக்கும் போனது. கிட் லென்ஸ் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஸ்டெபிலைசேஷன் இல்லாததைப் பற்றி

ஏ6400இன் பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, சிக்மா லென்ஸிலும் இல்லை. தெரிந்த ஒருவர் "அது இல்லாம வாங்கவே வாங்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் தூங்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் கேமரா வாங்கும் பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

ஸ்டெபிலைசேஷன் நம் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்கிறது. எதிரே இருப்பவரின் அசைவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. அசையாத கட்டடத்தை 1/10 நொடியில் கையில் பிடித்து எடுக்கலாம், அங்கே அது வரம். மேடையில் பிள்ளை அசைகிறது, அதனால் 1/250க்குக் கீழே எப்படியும் போக முடியாது. 56 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சியில் பிடிக்கும்போது 1/125 இருந்தாலே பெரும்பாலும் கை நடுக்கம் தெரியாது. நாம் ஏற்கெனவே அதைவிட இருமடங்கு வேகத்தில் இருக்கிறோம். ஆக எங்கள் வேலைக்கு அந்த வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே படம்தான். இல்லாத ஒன்றுக்காக வருத்தப்படாமல், அதற்குக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை லென்ஸில் போட்டோம்.

வீடியோ என்றால் கதையே வேறு. அதையும் அக்காவிடம் முதலிலேயே சொன்னேன். "வீடியோ எனக்கு வேண்டாம்" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன்.

பழைய பாடியைப் பார்த்து வாங்கியது

பகலில், நல்ல வெளிச்சத்தில், விற்பவரின் எதிரிலேயே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தோம். வெள்ளைச் சுவரை எஃப்/16இல் எடுத்தால் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசு சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. சென்சார் பக்கமாகக் காற்று ஊதியதும் ஒன்று போய்விட்டது, இன்னொன்று மூலையில். துடைத்தால் போகும் தூசுக்காகப் பாடியை ஒதுக்க வேண்டாம், கீறல் என்றால்தான் ஒதுக்க வேண்டும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, நீண்ட நேர எக்ஸ்போஷரில் கறுப்புப் படம் எடுத்து, அணையாமல் எரியும் பிக்சல் ஏதும் உண்டா என்று பெரிதாக்கிப் பார்த்தோம். திரையை மேலே மடக்கி இறக்கும்போது படம் துடிக்கிறதா, கண்ணை வைத்ததும் வியூஃபைண்டர் தானாக எரிகிறதா, டயல் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு படி மட்டும் நகர்கிறதா, பேட்டரிக் கதவின் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பார்க்கத் தவறியது பேட்டரியை. பாடியோடு வந்தது முதல் உரிமையாளர் நெடுநாள் உழைக்க வைத்தது. இந்த கேமராவுக்குத் தர அளவீட்டின்படி ஒரு சார்ஜுக்கு வியூஃபைண்டரில் 360 படம், திரையில் 410 படம். அந்தப் பழைய பேட்டரி முதல் ஒத்திகையில் இடைவேளை வரைகூடத் தாங்கவில்லை. புதிதாக வாங்கி வைத்த இரண்டாவது பேட்டரிதான் அன்று காப்பாற்றியது. பழைய கேமரா வாங்குபவர் அதோடு வரும் பேட்டரியை இல்லாததாகவே வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

முதல் நிகழ்ச்சி

மொத்தம் 800க்கும் மேற்பட்ட படங்கள். நாங்கள் எதற்காக வாங்கினோமோ அது நடந்தது. ஒரு காட்சியில் தாத்தா வேடம் போட்ட பையன் கடிதம் படிக்கிறான், பக்கத்திலிருந்து மங்கலான ஒரே விளக்கு. ஐஎஸ்ஓ 1600. ஒப்பனைக்கோடு, கண்ணோரத்தில் தேங்கிய ஈரம், கடிதத்தின் மடிப்பு எல்லாம் தெரிகிறது. அக்கா அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஃப்/1.4இல் எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் இன்னொரு கண் மங்கலாகவும் வரும் என்ற பயம் பலருக்கு உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது அது உண்மை. 3 மீட்டரில் கூர்மையாக இருக்கும் ஆழம் 16 சென்டிமீட்டர் அளவுதான். 10 மீட்டரில் அதே லென்ஸ், அதே அபெர்ச்சரில் ஏறக்குறைய 1.8 மீட்டர் ஆழம் கிடைக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று பேரும் கூர்மையாகவே வருகிறார்கள். தூரத்திலிருந்து எடுப்பவருக்குப் பெரிய அபெர்ச்சர் அவ்வளவு ஆபத்தில்லை.

இனி சறுக்கியவை. அமைதியான காட்சியில் ஷட்டர் சத்தம் கேட்கக்கூடாதென்று அக்கா சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியிருந்தார். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் வேகமாக எரிந்து அணைகிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கப்படுவதால், விளக்கு எரிந்த நேரத்து வரிகள் வெளிச்சமாகவும் அணைந்த நேரத்து வரிகள் இருட்டாகவும் பதிகின்றன. ஒரு முழுக் காட்சியும் பட்டை பட்டையாக வந்தது, நாற்பது படங்களுக்கு மேல் வீண். ஒத்திகையிலேயே இந்த ஷட்டரையும் அதே விளக்கில் சோதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்தான். இசை வரும்போதும் கைதட்டும்போதும் தாராளமாக எடுப்பது. மௌனக் காட்சிகளை இறுதி ஒத்திகையிலேயே எடுத்து முடித்துவிடுவது, அங்கே ஷட்டர் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது.

அடுத்த சறுக்கல் முழுக்க என்னுடையது. நாடகம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் கைகோத்து வரிசையாக நின்று வணங்குகிறார்கள். அக்காவுக்கு அந்தப் படம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். மேடையின் அகலம் 8 மீட்டர். எங்கள் சட்டத்துக்குள் அடங்குவது 4.2 மீட்டர். வரிசையில் பாதிப் பேர்தான் வந்தார்கள். 56 மி.மீ. லென்ஸில் அவ்வளவும் அடங்க 19 மீட்டர் பின்னால் போக வேண்டும், அரங்கமே அவ்வளவு நீளமில்லை. மேடை எவ்வளவு தூரம் என்று அளந்தேனே தவிர எவ்வளவு அகலம் என்று அளக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்தவர் போனில் எடுத்த படத்தைத்தான் வாங்கிக்கொண்டோம்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. வணக்கக் காட்சியில் எல்லா விளக்குகளும் முழுதாக எரியும். பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். 1/60 நொடி போதும், எஃப்/5 போதும். நான் வேண்டாமென்று ஒதுக்கிய கிட் லென்ஸ் மிக எளிதாகச் செய்திருக்கும் வேலை அது. சோனியின் 16-50 மி.மீ. லென்ஸ் 116 கிராம்தான். 28 மி.மீ.இல் வைத்தால் 10 மீட்டர் தூரத்தில் 8.4 மீட்டர் அகலம் அடங்கும். "கிட் லென்ஸ் குப்பை" என்று நெடுநாளாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது சட்டமாகிவிட்டது. இருட்டில் அது தோற்கும் என்று சரியாகக் கணக்குப் போட்டவன், வெளிச்சமான ஒரு காட்சியும் அந்த மேடையில் உண்டு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த லென்ஸைப் பழையதாக, பிறகு தனியாகத் தேடி வாங்கினோம். பாடியோடு சேர்த்து வாங்கியிருந்தால் ஏறக்குறைய சும்மாவே வந்திருக்கும்.

ஒரு வருஷம் கழிந்த பிறகு

படங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது, நல்ல படங்கள் கூடியிருக்கின்றன. இருட்டுப் பின்னணியில் ஒற்றை விளக்கில் முகம் வெந்து வெளுத்துப்போகும் பிரச்சினைக்கு, வெளிச்ச அளவைத் தானே அமைக்கும் மேனுவல் எக்ஸ்போஷரை அக்கா பழகிக்கொண்டார். வியூஃபைண்டரில் முன்கூட்டியே வெளிச்சம் தெரிவதால் இரண்டே ஒத்திகையில் கை வந்துவிட்டது. மெனு மட்டும் இன்னும் சிரமம்தான். ஏ6400இன் மெனு பக்கம் பக்கமாகப் போகும். தேவையான எட்டு அமைப்புகளை எஃப்என் என்ற குறுக்குவழிப் பொத்தானில் வைத்துக்கொடுத்த பிறகு அவர் மெனுவைத் திறப்பதே இல்லை.

இன்று யாராவது இதே தேவையோடு வந்தால் நான் இதையே சொல்வேனா என்று யோசித்தேன். நிலவரம் மாறியிருக்கிறது. நாங்கள் வாங்கிய பிறகு, 2024 ஏப்ரலில், கேனன் ஆர்எஃப் மவுண்டின் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கொண்டுவரப்போவதாக சிக்மாவும் டாம்ரானும் அறிவித்தன. அதே 56 மி.மீ. எஃப்/1.4 அந்தப் பட்டியலிலும் இருந்தது. ஆகவே ஆர்50ஐ நான் விலக்கிய முக்கியமான காரணம் இப்போது செல்லாது. பழைய ஆர்50 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால், மெனுவுக்கு பயப்படும் ஒருவருக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். வியூஃபைண்டர் வேண்டும் என்பதிலும், பாடிக்கு முன் லென்ஸ் என்பதிலும் மாற்றமில்லை. கிட் லென்ஸை ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் அக்கா போன் பண்ணினார். அடுத்த நாடகத்தில் ஒரு பாட்டு இருக்கிறதாம், பிள்ளைகள் அதை வீடியோவாகக் கேட்கிறார்களாம். "நீதான் அப்பவே சொன்னியே தம்பி" என்றார். ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடிக்கு மாறுவதா என்று கேட்டார். ஆறாவது வரிசையின் நடைபாதை ஓரம் ஒரு முக்காலி வைக்க இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை மேடையின் அகலத்தையும் அவரே அளந்து அனுப்பிவிட்டார்.